இன்றைக்கு என்ன விசேஷம்?

செவ்வாய்க்கிழமையன்று கஞ்சி போட்ட கண்டாங்கிப் புடவையும் தலையில் அரை முழம் கனகாம்பரமுமாகத் தரமணியிலுள்ள என் அலுவலகத்துக்குள் நுழைந்தால், வாசலில் அடையாள அட்டை காட்டும் இடத்துக்கும் உள்ளே காபி இயந்திரம் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று பேராவது "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று விசாரிக்காமல் விடுவதில்லை. பிறந்தநாளா, பெண் பார்க்க வருகிறார்களா, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாயா என்று அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற காரணங்களை அவர்களே கற்பித்துக்கொள்வதும் உண்டு. விசேஷம் ஒன்றுமில்லை, செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான் என்று நான் சொல்லும் பதிலில் ஒருவருக்கும் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. புடவைக்கென்று வருஷத்தில் சில தினங்களை ஒதுக்கி, அவற்றுக்கு 'எத்னிக் டே' என்று நாமகரணமும் செய்து, அன்று மாடிப்படியில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஸ்தாபனத்தில், மற்ற நாளில் அதே வஸ்திரத்தை உடுத்தி வருகிறவள் ஏதோ ஒரு ரகசியத்தை மறைக்கிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும் போலிருக்கிறது.

இந்த விசாரணையில் எனக்கு வருத்தம் கிடையாது. விசேஷம் வந்தால்தான் நல்லது வெளியே வரவேண்டும் என்ற சித்தாந்தம் அரசோச்சும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்து ஈட்டிய திரவியத்தைக் கொண்டு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நகரத்தார் எழுப்பிய மாளிகைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியச் சலவைக்கல்லில் தளம், முட்டையின் வெண்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் என்று தேடித்தேடிச் சேர்த்துக் கட்டிய அந்த வீடுகளில் அநேகம், வருஷத்தின் பெரும்பகுதியும் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பத்தில் ஒரு கல்யாணமோ சாந்தியோ வந்தால், பங்காளிகள் சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து இறங்கி, ஒட்டடை அடித்து, வளவைக் கழுவி, சில நாள் கோலாகலமாக இருந்துவிட்டு, மறுபடியும் பூட்டிச் சாவியைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வீட்டின் கதி அதுவென்றால் வீட்டுச் சாமான்களின் கதி இன்னும் பரிதாபம். பெண்ணுக்குச் சீராக அடுக்கடுக்காய்க் கொடுத்த பித்தளை அண்டாவும், எனாமல் தூக்குச்சட்டியும், பீங்கான் ஜாடியும் அடுப்பின் முகத்தையே பாராமல் அறைக்குள் இருந்துவிட்டு, தலைமுறைகள் கழிந்து பாகப்பிரிவினை நடக்கும் காலத்தில், முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேருகின்றன. அந்தக் கடையொன்றில் ஒரு கீறல்கூட இல்லாத எனாமல் அடுக்குக் கேரியரை நான் கையில் எடுத்துப் பார்த்ததுண்டு. "இது புழங்காத சாமான்மா" என்று கடைக்காரர் விலையை உயர்த்துவதற்கு ஒரு நியாயம்போலச் சொன்னார். யாரோ ஓர் ஆச்சி, அவருக்குப்பின் அவருடைய மருமகள், அந்த மருமகளுக்குப்பின் இன்னொரு மருமகள் என்று மூன்று பெண்டிராவது அதை 'நல்ல நாளைக்கு ஆகும்' என்று துடைத்து வைத்திருக்க வேண்டும். கடைசியில் அதில் சாப்பாடு எடுத்துப்போகும் பாக்கியம் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. ஏதோ ஓர் ஓட்டலின் வரவேற்பறையை அலங்கரிக்க அது போயிருக்கும்.

எங்கள் வீடு மாளிகையன்று. கூடமும் அடுப்படியும் பின்கட்டுமாகச் சாமானியமான வீடுதான். இருந்தாலும் அண்டை வீட்டு வழக்கம் எங்களையும் தொற்றியிருந்தது. விருந்தாளிக்கென்று ஒரு ஜமுக்காளம், பெரியவர்கள் வந்தால் மட்டும் இறங்கும் கண்ணாடி டம்ளர்கள், பீரோவின் மேல்தட்டில் வசம்பு மணக்கும் புடவைகள், அப்பத்தா விட்டுப்போன ஒரு ஜோடி வெள்ளி டம்ளர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது. இதற்காக அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாதாமாதம் சீட்டுக் கட்டி, சீட்டு விழுந்த பிறகு ஒரு பட்டுப்புடவை வாங்கியவளுக்கு, அது நைந்துபோனால் அடுத்தது எப்போது என்பது நிச்சயமில்லை. எனக்கோ மாதம் முதல் தேதி சம்பளம் வங்கிக்கு வந்துவிடுகிறது. அவளுடைய ஜாக்கிரதையை நான் கிருபணத்தனம் என்று சொன்னால், என் சௌகரியத்தை நானே மறந்து பேசுகிறேன் என்றுதான் ஆகும்.

உத்தியோகம் கிடைத்துச் சென்னைக்கு வந்ததும் மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியறை எனக்கு ஜாகையாக அமைந்தது. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாகப் பிடித்துப் போட்ட அந்தக் காலத்துத் தளம். ஓர் அறை, அதன் மூலையில் சமையல் மேடை, வெளியே மொட்டைமாடியில் பாதி. பீரோ வைத்தால் படுக்க இடமில்லை, படுக்க இடம் விட்டால் பீரோவுக்கு இடமில்லை என்ற நிலைமையில், நித்தியத்துக்கு ஒன்று, நல்லதுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடிச் சாமான் வைத்துக்கொள்வது எப்படிச் சாத்தியமாகும்? ஆகவே நல்லதையே நித்தியத்துக்கு வைத்துக்கொண்டேன். இதில் பெரிய தத்துவ விசாரம் எதுவும் ஆதியில் இல்லை. அறையின் நீள அகலம்தான் காரணம். பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் நாற்காலி, ஓரம் பிரிந்த பழைய விரிப்பு இவற்றைக் கொடுத்தனுப்ப அம்மா தயாராக இருந்தாள். நான் பவானி ஜமுக்காளத்தையும், வெள்ளி டம்ளரில் ஒன்றையும், வீட்டுக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் ஒன்றையும் கேட்டு வாங்கிவந்தேன்.

அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடியில் அதைக் கண்ணாடிப் பலகையின்மேல்தான் வார்க்கிறார்கள். கண்ணாடிமீது உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றி, சட்டத்தை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவிச் சிமெண்டுச் சாந்தால் மூடி, இறுகியபின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், சூளை கிடையாது. கண்ணாடியில் படிந்த முகம்தான் மேல்முகம் என்பதால் அதற்கு இயற்கையாகவே ஒரு வழவழப்பு உண்டாகிறது. ஆனால் அதன் முழுப்பளபளப்பு நடந்து நடந்து, துடைத்துத் துடைத்துத்தான் வருகிறது. ஆள் புழங்கும் கூடத்துத் தளம் மினுங்குவதையும், பூட்டிய அறையின் தளம் மங்கிக் கிடப்பதையும் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பார்க்கலாம். என் கல் சமையல் மேடையில் இருக்கிறது. கொதிக்கும் ரசப் பாத்திரத்தை இறக்கி வைக்கிறேன். சிவப்பும் பச்சையுமான அதன் பூவில் புளிக்கறை ஒன்று படிந்திருக்கிறது. இருக்கட்டும்.

புடவைப் பராமரிப்பைச் சற்று விஸ்தாரமாகவே எழுதவேண்டும். தோழிகள் என்னிடம் அதிகமாகக் கேட்பது அதைத்தான். கண்டாங்கி என்பது எங்கள் பக்கத்துக் கைத்தறி: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று தயங்காத நிறங்கள், கட்டமோ கோடோ போட்ட உடல், அகன்ற கரை. 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுப் புடவையை முதல் தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலச வேண்டும். அரக்குச் சாயம் கொஞ்சம் கழியும், பயப்பட வேண்டியதில்லை. அதன்பின் கஞ்சி. வாரநாள்களில் குக்கரில் சோறு வைப்பதால் கஞ்சிக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாத்திரத்தில் உலை வைத்து வடிக்கிறேன். வடித்த கஞ்சியைப் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டாமல் போட்டால், பருக்கை ஒட்டிய இடமெல்லாம் கறுப்புக் கட்டத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வெதுவெதுப்பு மாறுமுன் தாராளமாகத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, புடவையை மடிப்பு மடிப்பாக முக்கியெடுத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்த வேண்டும். முக்கால்வாசி உலர்ந்த பருவத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்போது எடுத்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்து நீவினால், இஸ்திரி வண்டிக்காரரின் கொட்டாங்குச்சிக் கரிக்குப் பாதி வேலைதான் மிச்சம்.

அந்த இரண்டாவது ஆள் கீழ்வீட்டு மாமி. "நன்னா இழுடி, புடவை ஒண்ணும் கிழிஞ்சுடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் பிடிக்கும் பிடியில் நான்தான் இரண்டடி முன்னால் போய்விடுகிறேன். ஐந்தரை மீட்டர் துணியின் அந்தக் கோடியில் அவரும் இந்தக் கோடியில் நானுமாக நிற்கையில் அவர் சொல்லும் சமாசாரங்கள், உட்கார்ந்து பேசும்போது வருவதில்லை. கல்யாணமான புதிதில் ஒன்பது பேர் துணியை ஒருத்தியாகத் துவைத்துக் கஞ்சி போட்டதைப் பற்றி அப்படித்தான் ஒருநாள் சொன்னார். எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை காலையின் இன்பம். அவருக்கு இது வருஷக்கணக்காகத் தலையில் விழுந்த வேலை. பருத்தியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசுவதை நான் ரசிப்பதில்லை.

கஞ்சி போட்ட துணிக்கு ஒரு குணம் உண்டு: அதைப் பத்திரப்படுத்த முடியாது. மாவுச்சத்து ராமபாணப் பூச்சிக்குப் பிரியமான ஆகாரம். மடித்து அலமாரியில் அடைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்தால் மடிப்பு ஓரங்களில் அரித்திருக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கண்டால் முடைநாற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கஞ்சி போட்டால் கட்டிவிட வேண்டும், கட்டாமல் வைப்பதானால் கஞ்சியை அலசிவிட வேண்டும். மழைக்காலத்தில் நான் சுங்குடிக்கு மாறிவிடுகிறேன். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வழிவழியாகச் செய்துவந்த முடிச்சுச் சாயம் அது. துணியில் சிறுசிறு முடிச்சுகளாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி, உலர்ந்தபின் பிரித்தால், முடிச்சுப் பட்ட இடம் மட்டும் சாயமேறாத வளையமாக நிற்கும். அசல் சுங்குடியில் எந்த வளையமும் அடுத்ததற்கு அச்சாக இருக்காது. அச்சடித்த போலியை அதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

வெள்ளி டம்ளருக்கு வருகிறேன். எண்பது பங்கு பீபரி, இருபது பங்கு சிக்கரி என்று கண்ணெதிரிலேயே அரைத்துத் தருகிற கடை நடக்கிற தூரத்தில் இருப்பது மயிலாப்பூரில் வசிப்பதன் பிரதான லாபங்களில் ஒன்று. அந்தப் பொடி ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்‌ஷனை இந்த டம்ளரில்தான் தினமும் குடிக்கிறேன். உலோகங்களிலே வெப்பத்தை அதிவேகமாகக் கடத்துவது வெள்ளி. விளிம்பைத் தவிர வேறெங்கும் தொட முடியாது. ஆகவே டபராவில் விட்டு நிதானமாக ஆற்றித்தான் தீரவேண்டும், அவசரமாக விழுங்கிவிட்டு ஓட அது இடங்கொடுப்பதில்லை. ஊரில் துணியில் சுற்றிப் பெட்டியில் கிடந்த காலத்தில், காற்றிலுள்ள கந்தகம் பட்டு அது கறுத்துப்போயிருந்தது. தினம் கழுவித் துடைக்கிற கையில் கறுப்பு நிற்பதில்லை. விபூதி போட்டுத் தேய்க்கும் வேலையும் அநேகமாக நின்றுவிட்டது. இப்படியே மற்றச் சில்லறை விசேஷங்களையும் வாரநாள்களுக்கு இழுத்துவந்துவிட்டேன். தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் ஒரு சிறு வாழையிலை வாங்கிக்கொண்டால், புதன்கிழமை ராத்திரி தன்னந்தனியாக ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிடுகிறவளுக்கும் அது இலைச் சாப்பாடுதான். சூடான சோறு பட்டதும் இலையிலிருந்து எழும் வாசனை, கூட இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டா எழுகிறது?

பூ விஷயத்தில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அலுவலகத்துக்குக் கனகாம்பரம், வாசனை இல்லாததால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி வராது, குளிர்சாதன அறையிலும் சாயங்காலம்வரை வாடாது. மல்லிகை மாலைநேரத்துக்கு. மொட்டாக வாங்கி வைத்துக்கொண்டால், இரவு ஏற ஏற மலர்ந்து, மொட்டைமாடியில் கடற்காற்று வீசும் சமயத்தில் அதன் பூரண வாசனையைக் கொடுக்கும். வடக்கு மாட வீதியில் நான் வாங்கும் பூக்கார அக்கா, தன் முழங்கையால் அளந்துவிட்டுக் கடைசியில் ஒரு விரல்கடை கூடவிட்டுத்தான் நறுக்குவார். மார்கழியில் மட்டும் அந்த விரல்கடை சுருங்கிவிடும். "பனி விழுது கண்ணு, மொட்டு வரத்தே இல்ல, சாமந்தி வெச்சுக்கோ" என்பார். விலை ஏறிய காலத்தில் விலை ஏறாத பூவைத் தானாகவே சிபாரிசு செய்யும் வியாபாரியை இந்த நகரத்தில் வேறெங்கும் நான் சந்தித்ததில்லை.

பிரயாணமும் என் சுகங்களில் சேர்த்தி. திருமயிலையிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயிலில் போகிறேன். பசுமைவழிச் சாலை நிலையத்தைத் தாண்டி அடையாற்றைக் கடக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகக் கைப்பேசியை மூடிவைக்கிறேன். சனிக்கிழமைகளிலோ பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, எங்கும் போகவேண்டிய அவசியமில்லாமல் பஸ் ஏறும் ஆடம்பரம் எங்களுக்கு வாய்த்திருக்கிறது. பெரம்பூரிலிருந்து வரும் 29சி-யில் லஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, பெசன்ட் நகரில் இறங்கிக் கடற்கரையில் சுண்டல் தின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்புவேன். முன்புறம் இளஞ்சிவப்பு வர்ணம் அடித்த அந்த வண்டிகளில், வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கு நடுவே, எவ்வித அலுவலும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு கூச்சமும் உண்டு. கூட்டம் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிடுவதால் அந்தக் கூச்சத்தைச் சமாளித்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் இப்படி நித்தியமாக்கிவிட முடியுமா என்று கேட்டால், முடியாது. பட்டு எனக்கு அடங்கவில்லை. வியர்வை பட்டுக்கும் ஜரிகைக்கும் ஜன்மப்பகை. காலை எட்டரை மணி நெரிசலில் அதை உடுத்திக்கொண்டு ரயிலேறும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பட்டு பிழைத்துவிடும் என்பதும் உண்மையன்று. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் மடிப்போரத்தில் ஜரிகை முறியும், இழை விட்டுப்போகும். உதறிப் பிரித்தவுடன் நீளக் கீறலாகக் கிழிந்த கூரைப்புடவைகளைப் பற்றி எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்; உடுத்தினால் உடனே மடிக்காமல் நிழலில் ஆறவிட வேண்டும். என்னிடமுள்ள ஒரே பட்டுப்புடவைக்கு மார்கழியின் கச்சேரி மாலைகளை ஒதுக்கியிருக்கிறேன். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போகக்கூடிய சபாக்களில் முன்வரிசைக்குத்தான் டிக்கெட் விலை அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தாலும் புடவைக்கு வித்தியாசம் தெரியாது.

சென்ற தையில் அம்மா வந்து ஒரு வாரம் தங்கியிருந்தாள். வந்த அன்றே ஜமுக்காளத்தில் காபிக்கறை, கல்லில் புளிக்கறை, கரை நைந்த கண்டாங்கி எல்லாவற்றையும் கண்ணால் ஒரு கணக்கெடுத்து முடித்துவிட்டாள். வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பத்தாவின் டம்ளரில் நுரை ததும்பக் காபி கலந்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஏண்டி, இது என்ன இந்தச் சுடு சுடுது! மனுஷி பிடிக்க முடியுமா? போ, எவர்சில்வர்ல ஊத்திக் கொண்டா."

ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அவள் வெள்ளி டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் கறுப்பே இல்லையே, எதைப் போட்டுத் தேய்க்கிறாய் என்று கேட்டாள். ஒன்றும் போடுவதில்லை என்று சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பட்டுப்பெட்டியின் சாவி மட்டும் இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. அதில் மடிப்பு மாற்றாத புடவைகள் ஏழெட்டாவது இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.